கழிவு போக மிச்சம்

மரக்காணத்தில் ஓடுகிற குதிரை கிடையாது. சுற்றுவட்டாரத்து ஐயனார் கோயில்களில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற சுதைக் குதிரைகள் உண்டு. அவை எந்தக் காலத்திலும் கிளம்பியதில்லை. மற்றபடி உப்பு லாரி வரும், பருவத்தில் பூநாரை வரும், புதுச்சேரிக்குப் போகிற கார்கள் நிற்காமல் போகும். குதிரைப் பந்தயம் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

வந்த காரணம் ஒரு பெரியவர். உப்பளக் குத்தகைதாரர் ஒருவரிடம் வாழ்நாள் பூராவும் கணக்கு எழுதியவர். அவருடைய மகன் என்னோடு வேலை பார்க்கிறார். “பிப்ரவரி முதல் வாரம் வந்துட்டா எங்கப்பா மனுஷங்களோட பேச மாட்டார். குதிரைங்களோடதான். வேணும்னா போய்ப் பாருங்க” என்றார். பிப்ரவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மும்பை மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பி. நான்கு வயதுக் குதிரைகள், 2,400 மீட்டர், 1943-இல் தொடங்கிய பந்தயம். அந்த ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வாரமாகப் பார்த்துப் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கம் வந்ததும் இடதுபுறம் ஆலம்பரைக் கோட்டைக்கு வழி பிரிகிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்ட கோட்டை. இன்று செங்கல் சுவர்களும் கடல் காற்றும்தான். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் தரை கண்ணாடியாகிவிடுகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவே மண் வரப்புகள், ஓரத்தில் போன வருஷத்து உப்பு அம்பாரங்கள் கீற்றும் தார்ப்பாயும் போர்த்திக்கொண்டு. கோடையில் வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்கிற வெள்ளை மலைகள் பிப்ரவரியில் இருக்காது. இது பாத்தி கட்டுகிற மாதம்.

இந்தக் கரைக்குக் குதிரை அந்நியமும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதன் அண்ணன் பெரும்பாணாற்றுப்படை, இதே கரையில் வடக்கே இருந்த நீர்ப்பெயற்று என்ற துறையைச் சொல்லும்போது, கப்பல்கள் பிடரிமயிர் வெளுத்த குதிரைகளைக் கொண்டுவந்ததைச் சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்து மார்கோ போலோவும் இதே கதையை எழுதுகிறார். அரபுக் கரையிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்கும். பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டு மறுபடி வாங்குவார்கள் என்று நக்கலடிக்கிறார். தமிழன் குதிரைக்குக் கொட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்தால் சென்னைக் கிண்டி ரேஸ் மைதானமெல்லாம் சில்லறை.

பெரியவர் வீடு பூமீஸ்வரர் கோயில் பக்கத்தில். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சுவரெல்லாம் ஓடுகிற கோயில். அவர் வீட்டுக் கூடத்திலும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. பழுப்பேறிய ரேஸ் புக்குகள் கயிறு போட்டுக் கட்டி, அலமாரியின் மேல்தட்டு நிறைய. கீழ்த்தட்டில் நீள நோட்டுகள். உப்புக் கணக்கு எழுதிய அதே வகை நோட்டு, அதே கட்டம் போட்ட தாள். ஒரே வித்தியாசம், வண்டி எண் எழுதுகிற கட்டத்தில் குதிரை எண்.

“வா தம்பி. டீ குடிச்சியா? ஒரு நிமிஷம் இரு, இவன் போன தடவை ஏன் நாலாவதா வந்தான்னு பார்த்துட்டு வந்துடறேன்” என்றார். ‘இவன்’ என்றது ஒரு குதிரையை.

அவர் இப்போது பணம் கட்டுவதில்லை. மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டப்படி குதிரை மேல் பணம் கட்ட வழியும் இல்லை. கைப்பேசியில் ‘ஐடி வாங்கித் தரேன், அண்ணா’ என்று வருகிற பையன்களை வாசலோடு அனுப்பிவிடுகிறார். கிண்டிக்குப் போய் வருஷங்கள் ஆயிற்று, முழங்கால் போய்விட்டது. நோட்டில் மட்டும் கட்டுகிறார். வாரத்துக்கு 2,000 ரூபாய் என்று வரம்பு. வெறும் எழுத்துதான் என்றாலும் வரம்பைத் தாண்டுவதில்லை. பெங்களூரோ ஹைதராபாத்தோ கொல்கத்தாவோ மும்பையோ, குளிர்காலத்தில் ஏதாவது ஓர் ஊரில் குதிரை ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் அந்த ஊர்க் குதிரைப் பட்டியலைப் பேரன் கைப்பேசியில் இறக்கிக் கொடுப்பான். இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருவார். பந்தயம் தொடங்குவதற்கு முன் பேனாவால் எழுதிவிட வேண்டும். பென்சில் கூடாது. “பென்சில்னா மனசு அழிக்கச் சொல்லும்.”

அந்த நோட்டின் ஒரு பக்கத்தை விளக்கினால் ரேஸின் பாதி விளங்கிவிடும். குதிரை எண்ணுக்கு அடுத்த கட்டத்தில் எடை. நம்மூர்ப் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப். நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. எல்லாரும் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. குதிரைக்கு மதிப்பெண் போட்டு, ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ வீதம் சுமை கூட்டுவார்கள். ஜாக்கியையும் சேணத்தையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார்கள். எடை போதாவிட்டால் சேணத்துணிப் பையில் ஈயத் தகடு செருகுவார்கள். அடுத்த கட்டத்தில் கடைசி நாலு ஓட்டம்: 4, 2, 0, 3 என்று. அதற்கடுத்து, அந்த வாரம் காலைப் பயிற்சியில் கடைசி 600 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடியது, முடுக்கியா, தானாகவா. ‘தானாக’ என்பதற்கு அவர் ஒரு சுழி போடுகிறார். பிறகு புக்கி கொடுக்கிற விலை. கடைசி இரண்டு கட்டம் கட்டியது, வந்தது.

அவருக்கென்று சில சட்டங்கள். முதல்முறை ஓடுகிற குதிரையில் கட்டக்கூடாது. போன தடவை வழி அடைபட்டுத் தோற்ற குதிரையை விடக்கூடாது. டிப்ஸ் கேட்கக்கூடாது. கடைசிச் சட்டம் அனுபவத்தில் வந்தது. கிண்டி நாட்களில் லாயத்துக்காரன், லாயத்துக்காரனின் மச்சான், மச்சானுக்கு டீ கொடுக்கிற பையன் என்று ஒரு சங்கிலி நெடுகத் தகவல் வருமாம். “அத்தனை பேருக்கும் தெரிஞ்ச ரகசியத்துக்கு என்னா விலை கிடைக்கும் சொல்லு? ஒண்ணுக்கு அரை கூட வராது.”

அவருடைய வாலிபத்தில் இந்தச் சாலை கிடையாது. திண்டிவனம் போய், அங்கிருந்து சென்னை பஸ் பிடித்து, கிண்டியில் இறங்குவார். உப்பு விற்ற பணம் வசூலிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்வது. சில சமயம் அது உண்மையும்கூட. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் பிறந்தது. கிண்டியில் குதிரை ஓடியது அதற்கும் நூறு வருஷம் முன்பிருந்து. கவர்னர், ஜமீன்தார், செட்டிநாட்டரசர், சினிமா முதலாளி என்று மேல்தட்டு ஒரு பக்கம். மலிவு டிக்கெட்டில் கணக்குப்பிள்ளைகளும் மெக்கானிக்குகளும் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கத்துவது ஒரே கத்தல்தான். ஆனந்த விகடன் எஸ். எஸ். வாசன் பெரிய ரேஸ் பிரியர். ஜெமினி ஸ்டார் என்ற அவருடைய குதிரையின் பெயர்தான் ஸ்டுடியோவுக்கு வந்தது என்று சொல்வதுண்டு. அப்படியானால் மவுண்ட் ரோட்டு மேம்பாலத்தை நாம் இன்றும் ஒரு குதிரையின் பெயரால்தான் அழைத்துக்கொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் எம். ஏ. எம். ராமசாமியின் குதிரைகள் ஐநூறுக்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களை ஜெயித்தன. அவரைப் பெரியவர் ஒருமுறை பத்தடி தூரத்தில் பார்த்திருக்கிறார். “அன்னிக்கு அவரு குதிரை தோத்துச்சு. ஆனா சிரிச்சிக்கினே போனாரு. எனக்குச் சிரிப்பு வரலை.”

வாரத்தின் முதல் பந்தய நாள் பெங்களூர். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் எண்ணைப் பார்த்தும் பெயரைப் பார்த்தும் கட்டினேன். வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தார். சாயங்காலம் என் பக்கத்தில் ஒரு குதிரையும் வரவில்லை. அவருக்கு ஒன்று வந்தது, ஐந்துக்கு ஒன்று விலையில். வழி அடைபட்டுத் தோற்ற குதிரை. நூறு கட்டி அறுநூறு. எழுத்துப் பணம்தான், ஆனாலும் அன்று இரவு வஞ்சிரம் வந்தது நிஜம்.

மறுநாள் காலை அளத்துக்குக் கூட்டிப்போனார். பேரன் வண்டியில் என்னையும் அவரையும் ஏற்றிக்கொண்டு வரப்போரம் விட்டான். பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் வந்து முடிகிறது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து 420 கிலோமீட்டர் வந்த கால்வாய். 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்கள் சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டி முடிக்க, அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரை வைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் இந்த உப்பு தோணியேறிச் சென்னைக்குப் போனது. மேற்கே கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தமிழகக் கரையின் பெரிய உவர்நீர்ப் பரப்பு, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரை என்று நினைத்தேன். பூநாரைதான்.

அளத்தில் அன்று மிதிப்பு. பாத்திக்குள் கணுக்கால் அளவுக்கு நீர் விட்டு, ஆணும் பெண்ணுமாக வரிசை கட்டி, ஒருவர் தோளை ஒருவர் ஒட்டி, களிமண்ணை மிதிக்கிறார்கள். குதிகாலால் அழுத்தி, முன்பாதத்தால் நகர்த்தி, அரை அடி முன்னே. பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய்த் திரும்பி, மறுபடி. தரை சிமெண்டுபோல் இறுகுகிற வரை நாள் கணக்கில் இதே நடை. இறுகாவிட்டால் உப்பு மண்ணோடு வரும், விலை போகாது. தலைக்குத் துண்டு, மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. காலை ஒன்பது மணிக்கே தண்ணீரிலிருந்து எழும் வெளிச்சம் என் கண்ணைச் சுருக்க வைத்தது.

பெரியவர் இடுப்பிலிருந்து துணி சுற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அடிப்பாகம் குண்டு, மேல்பாகம் மெலிந்து அதில் கோடுகள். நீரின் உப்புச் செறிவை அளக்கிற போமே மீட்டர். ஓய்வு பெற்றும் இதைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. தேக்கிவைத்த நீரில் ஒரு குவளை மொண்டு, குழாயை மிதக்கவிட்டார். கடல்நீர் மூன்று, மூன்றரை பாகை காட்டும். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க ஏறும். இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு விழும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் கழன்று அடியில் தங்கிவிட வேண்டும். முப்பதை நெருங்குமுன் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். அன்று குழாய் பதினெட்டில் நின்றது. ஆனால் குழாயைப் போடுவதற்கு முன்பே, பாத்தியின் நிறத்தை வைத்து, மிதித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ‘பதினெட்டு இருக்கும்’ என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவிடம் குதிரைப் பந்தயம் பற்றிக் கேட்டேன். எப்படி நடக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மிதித்துவிட்டு, “குதிரை தோத்துட்டா மேல உக்கார்ந்து ஓட்டினவனுக்குக் கூலி உண்டா?” என்றார்.

“உண்டும்மா. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஓட்டினதுக்குக் கூலி உண்டு. ஜெயிச்சா மேல பங்கு.”

“அப்ப பரவால்ல” என்றார்.

அவருக்கு அக்டோபர் வந்தால் கூலி இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அளம் குளமாகிவிடும். ஜனவரியில்தான் மறுபடி வேலை. அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, இங்கிருந்து மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அம்பாரத்தில் விற்காமல் வைத்திருந்த உப்பு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தவர்கள் உண்டு. அதுவும் கட்டுவதுதான், ரேஸ் புக் இல்லாமல்.

திரும்பி வந்து பிற்பகல் பந்தயத்துக்கு உட்கார்ந்தோம். எனக்கு ஒரு கேள்வி. போமே மீட்டர் மாதிரி, இந்த நோட்டும் உண்மையிலேயே எதையாவது அளக்கிறதா? இல்லை, சீட்டுக் குலுக்கலுக்குக் கட்டம் போட்டு அலங்காரம் செய்கிறோமா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் சென்னை மாகாணத்தில் 1949-இலேயே நிறைவேறி, நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 1974-இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கிளப் வழக்குக்குப் போனது. தடையாணையின் நிழலில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று, கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமை சார்ந்தது, அதிர்ஷ்டம் சார்ந்ததல்ல, குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறன், கட்டுகிறவரின் கணிப்பு எல்லாம் அதில் உண்டு. தீர்ப்பு வந்த நாளில் கிண்டியில் லட்டு கொடுத்தார்களா என்று கேட்டேன். “எவன் கொடுத்தான்? எங்களுக்கு முன்னாடியே தெரியுமே, திறமைதான்னு” என்றார் பெரியவர்.

தீர்ப்பு சரி என்றுதான் எனக்கும் படுகிறது. நோட்டு எதையோ அளக்கத்தான் செய்கிறது. உலகம் முழுக்க, கூட்டம் அதிகம் நம்புகிற குதிரை மூன்றில் ஒரு பந்தயத்தை ஜெயிக்கிறது. வெறும் குலுக்கலாக இருந்தால், பத்துக் குதிரை ஓடும் பந்தயத்தில் அது பத்தில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கூட்டம் செய்கிற தவறுக்குக்கூட ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரைகளின் மேல் மனிதர்கள் தகுதிக்கு மீறிக் கட்டுகிறார்கள் என்று ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஹாங்காங்கில் பில் பெண்டர் என்ற அமெரிக்கர் கணினியில் ஏற்றியது இந்தக் கட்டங்களைத்தான், பெரும் செல்வந்தரானார்.

அப்படியானால் பெரியவர் ஏன் ஆகவில்லை? அலமாரியில் அத்தனை வருஷத்து நோட்டு. நிஜப் பணம் கட்டிய காலத்து நோட்டுகளும் அதில் இருக்கின்றன. அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கழித்தல் குறி.

காரணத்தை அவரே உப்புக் கணக்கில் வைத்துச் சொன்னார். வியாபாரி உப்பு எடுக்க வந்தால் முதலில் விலை பேசமாட்டானாம். கழிவு பேசுவான். ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று எடையிலேயே கழித்துக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் விலை. “அளத்துக்காரன் உப்பை எவ்வளவு வெள்ளையா எடுத்தாலும் கழிவு கழிவுதான். ரேஸும் அப்படித்தான் தம்பி. குதிரை கிளம்பறதுக்கு முன்னாடியே கழிச்சுடறான்.”

டோட் என்கிற முறையில் எல்லார் பணமும் ஒரே குடத்தில் விழும். 1860-களில் பாரிசில் ஜோசப் ஓலர் கண்டுபிடித்த ஏற்பாடு. குடத்திலிருந்து கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதைக் கூட்டிப் பிரிக்கிற இயந்திரத்தைச் செய்தவர் ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர். அவர் முதலில் செய்தது ஓட்டு எண்ணும் இயந்திரம். அரசாங்கம் வேண்டாம் என்றுவிட்டது, ரேஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1913-இல் நியூசிலாந்தில் முதல் இயந்திரம் ஓடியது. எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதைவிட எந்தக் குதிரை என்பதில் ஜனங்களுக்கு அவசரம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் பந்தயம் கட்டும் தொகையின் முழு மதிப்புக்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. புக்கியிடம் நூறு ரூபாய் கட்டினால் குதிரை வந்தாலும் வராவிட்டாலும் நாற்பது ரூபாய் தனி. பெரிய தொகை ஜெயித்தால் வருமான வரிப் பிடித்தம் 30 விழுக்காடு வேறு. பெண்டர் பணம் பண்ணிய ஹாங்காங்கில் ‘வின்’ குடத்தில் கிளப் எடுத்தது நூற்றுக்குப் பதினேழரை. நம்மூர்க் கழிவோடு அவர் கணினி இங்கே வந்திருந்தால் ஒரு சீசனில் ஊர் திரும்பியிருக்கும். திறமையா, அதிர்ஷ்டமா என்று இருபது வருஷத்துக்கு மேல் வாதாடினோம். இரண்டில் எதுவானாலும் வாசலிலேயே பாதியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவனுக்கு என்ன வித்தியாசம்?

அடுத்த இரண்டு நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹைதராபாத்தில் அவருக்கு ஒரு குதிரை வந்தது. கொல்கத்தாவில் ஒன்று இரண்டாவதாக வந்து கழுத்தை அறுத்தது. சனிக்கிழமை மாலை கழுவேலி ஓரம் நடக்கப் போனோம். அப்போது நான் மைதானங்கள் மூடப்படுவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். 2024 அந்த விதத்தில் விசித்திரமான வருஷம். மார்ச் கடைசியில் மக்காவ் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்தது. ஜூனில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கரை, 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கி என்று அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 9 அன்று கிண்டி: 160.86 ஏக்கர் குத்தகை ரத்து, வாசலுக்குச் சீல். 1945-இலிருந்து 99 வருஷத்துக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் என்று எழுதிய குத்தகை. பாக்கி 730 கோடி என்றது அரசு. வழக்கு நீண்டது, மைதானத்து வளாகத்தில் வெள்ளத்தைத் தாங்கக் குளங்கள் வெட்டினார்கள். அக்டோபர் 5 அன்று சிங்கப்பூர் கிராஞ்சியில், 1842-இல் தொடங்கிய கிளப் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர் பக்கத்தில் நின்று கத்திய இடம்.

கிண்டிக்காக அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். “அறுநூறு ரூபாய்க்கு வேளச்சேரிப் பக்கம் ஒரு ரூம் கிடைக்குமா இன்னிக்கு?” என்றார். பிறகு, “ஆனா குளம் வெட்டறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி வளைவை ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கலாம். உள்பக்கமா வந்த குதிரை அங்கதான் மாட்டிக்கும்” என்று சொல்லிவிட்டு, கையால் காற்றில் அந்த வளைவைப் போட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. அதுவரை 1,500 கட்டியிருந்தார், 1,720 வந்திருந்தது. 220 லாபத்தில் டெர்பிக்கு வந்து நிற்கிறார். காலையிலிருந்து சட்டை மாற்றவில்லை. வரம்பில் மிச்சம் 500. அத்தனையும் டெர்பிக்கு.

எல்லாரும் ஒரே குதிரையைச் சொன்னார்கள். பேரன் சொன்னான், டீக்கடைக்காரர் சொன்னார், நானும் சொன்னேன். விலை ஒன்றுக்கு முக்கால் இருந்தது. இவர் 2,400 மீட்டர் இதுவரை ஓடாத ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டார். அதன் தகப்பன் வழியில் தூரம் இருக்கிறது, கடைசியாக 2,000 மீட்டரில் முடிவுக்கம்பத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது, அடக்க ஜாக்கி சிரமப்பட்டான் என்று வாதம். ஆறுக்கு ஒன்று விலை. பேனாவை எடுத்து எழுதினார். வின், 500. முதல் மூன்றுக்குள் வந்தாலே பணம் வருகிற பிளேஸ் வேண்டாமா என்றேன். “டெர்பில பிளேஸ் கட்டறவன் வீட்டுல இருக்கலாம்.” வீட்டில்தான் இருந்தோம்.

கைப்பேசியைச் சொம்பில் சாய்த்துவைத்து நேரலை பார்த்தோம். இரண்டரை நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலான சங்கதி. முதல் ஒன்றரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் குதிரை நடுவில் எங்கோ இருந்தது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கமாக எடுத்தான் ஜாக்கி. பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை அமுக்கினார். நேர்வழியில் முதல் இருநூறு மீட்டரில் அது நாலு குதிரையைத் தாண்டியது. நானும் பேரனும் எழுந்துவிட்டோம். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கம்பத்துக்கு நூறு மீட்டரில் முன்னால் வந்தும் விட்டது. அப்போது உள்பக்கமிருந்து எல்லாரும் சொன்ன அந்தக் குதிரை, ஒன்றுமே நடக்காததுபோல் நகர்ந்து வந்து, அரை நீளத்தில் தாண்டிப் போய்விட்டது.

“சீக்கிரம் எடுத்துட்டான்” என்றார் பெரியவர். “இன்னும் நூறு மீட்டர் பொறுத்திருக்கணும். குதிரை மேல தப்பில்லை. என் கணக்கு மேலயும் தப்பில்லை.”

அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள் தாத்தாவும் பேரனும். எந்த இடத்தில் சாட்டை தூக்கினான் என்று இருவருக்கும் சண்டை. அதற்குள் உள்ளேயிருந்து வீட்டம்மா காபியோடு வந்தார். நிஜப் பணம் கட்டிய வருஷங்களில் இந்த வீட்டை நடத்தியவர் அவர்தான். அந்தக் கதையை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“முடிஞ்சுதா? எவ்வளவு?”

பெரியவர் நோட்டைத் திருப்பிக் கூட்டிக்கொண்டிருந்தார். கட்டியது 2,000. வந்தது 1,720. “பெரிசா ஒண்ணும் இல்ல. 280 போச்சு. ஒரு வாரம் பூரா விளையாடி இருநூத்தி எம்பது. சினிமாவுக்குப் போனாகூட அதைவிட ஆகும்.”

“கழிவு போட்டாச்சா?”

அவர் பதில் சொல்லவில்லை.

“ரெண்டாயிரத்துக்கு நூத்துக்கு நாப்பது, எண்ணூறு. அதையும் சேர்த்து எழுதுங்க” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். பெரியவர் பேனாவை எடுத்து 280-ஐ அடித்து, பக்கத்தில் 1,080 என்று எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் நோட்டை நகர்த்தி, அடுத்த வாரம் பெங்களூரில் இரண்டாவது ரேஸில் ஓடுகிற ஒரு குதிரையின் எடையைக் காட்டினார். நாலு கிலோ குறைத்திருக்கிறார்களாம்.